வெளியூர் ஆள்

உடைந்த சேர்களைப் பிரித்து அடுக்கும் வேலை உடையப்பனுக்குப் பிடித்திருந்தது. வெளியே சொன்னால் முதலாளி வைவார் என்பதால் சொல்லவில்லை. அரிமளத்தில் பெரியகருப்பனின் வாடகைப் பாத்திரக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. கருவேலக்குடி கபடிப் போட்டியிலிருந்து திரும்பி வந்த பிளாஸ்டிக் சேர்களெல்லாம் அதில் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்து, கால் ஒடிந்ததை ஒரு பக்கமும் முதுகு பிளந்ததை ஒரு பக்கமும் கழுவினால் போதும் என்பதை இன்னொரு பக்கமும் போட்டான்.

கல்யாண வீட்டில் உடைகிற சேர் ஒரு மாதிரி உடையும். கனத்த ஆள் சாய்ந்து உட்கார உட்காரப் பின்னங்கால் விரிந்துகொண்டே போய், ஒரு நாள் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யாரையாவது கீழே விடும். இது வேறு. ஒரு சேரில் கைப்பிடி மட்டும் தனியாக வந்திருந்தது. இன்னொன்றில் உட்காருகிற இடத்தில் குதிகால் அளவுக்கு ஓட்டை. முதுகில் சிவப்பு பெயிண்டில் 'பெ.க.' என்று எழுதியிருந்த துண்டுகளை மட்டும் அவன் பத்திரமாகத் தனியே வைத்தான். விழாக் கமிட்டியிடம் காட்ட அதுதான் அத்தாட்சி.

"மைக்கேலண்ணே, இந்தச் சேர எப்புடி ஒடச்சிருப்பான்னு சொல்லுங்க பாப்போம்."

மைக்கேல்சாமி கடையின் டாடா ஏஸ் ஓட்டுகிறவர். ஆவூர்க்காரர், பெண்ணெடுத்த வகையில் இந்தப் பக்கமே தங்கிவிட்டவர். வண்டி நிழலில் உட்கார்ந்து செல்போனைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஒடச்சவன்ட்டப் போயிக் கேளு. வேல மெனக்கெட்டு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்க."

"கேக்கத்தான் போறேன். எனக்கு வெளங்க மாட்டேங்குதுண்ணே. கோவம் ஆள் மேல. சேர் என்ன பண்ணுச்சு?"

சண்டை நடந்த அன்று அவர்கள் இருவரும் மத்தியானமே சேர் இறக்கப் போயிருந்தார்கள். கருவேலக்குடிக்கும் செங்கவயலுக்கும் அரையிறுதி ஆட்டம். கண்மாயை ஒட்டிய திடலில், சித்திரை வெயிலில், சேர்களை வரிசை பிடித்துப் போட்டு முடித்தபோது உடையப்பனின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உள்ளூர் ரசிகர்களுக்கு மஞ்சள் பனியன் கொடுத்துக்கொண்டிருந்த சரவணக்குமார் என்ற இளைஞன் அவனைக் கூப்பிட்டான்.

"அண்ணே, இந்தாங்க. ஒரு சைஸ் பெருசு, யாருக்கும் சேரல. நீங்க போட்டுக்கங்க."

ஓசியில் வருகிற புதுத்துணியை வேண்டாம் என்று சொல்ல உடையப்பனுக்கு வாய் வரவில்லை. முதுகில் ஊர்ப்பெயரும் ஏழாம் எண்ணும் இருந்தன. கபடியில் ஏழாம் நம்பர் என்ன செய்ய வேண்டும் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

விளக்குப் போட்ட சமயத்தில் தகராறு தொடங்கியது. செங்கவயல் ஆட்டக்காரன் போனஸ் கோட்டைத் தாண்டிக் காலை வைத்தானா இல்லையா என்பதுதான் விஷயம். சுண்ணாம்புப் பொடியில் போட்ட கோடு. அதற்குள் பத்துப் பேர் மிதித்து அது கோடாகவே இல்லை. நடுவர் குனிந்து தரையைப் பார்த்தார். ஊரே குனிந்து பார்த்தது. அவர் விசிலை வாயில் வைப்பதற்குள் முதல் சேர் பறந்தது. மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்த உடையப்பன் அதை எறிந்த கையைப் பார்த்தான். பனியன் கொடுத்த சரவணக்குமாரின் கை.

எல்லோரும் வெளியே ஓடினார்கள். உடையப்பனும் மைக்கேல்சாமியும் உள்ளே ஓடினார்கள். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். சண்டை வந்தால் ஆளைப் பார்க்காதே, சேரைப் பார் என்பது பெரியகருப்பன் தன் ஆட்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம். மைக்கேல்சாமி வண்டியைப் பின்னால் எடுத்துக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு மேலே ஏறி நின்றுகொண்டார். உடையப்பன் கையில் கிடைத்த சேர்களை மூன்று நான்காகச் சேர்த்து, தலைக்கு மேல் தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டான். அந்தச் சுழற்று இல்லாவிட்டால் பாரம் மேலே போகாது. அவர் சேர்களின் காலைப் பிடித்து வாங்கி அடுக்கினார். இரண்டு பேருக்கும் பேச்சே தேவைப்படாத வேலை அது.

"அடேய் உடையப்பா, இங்க வா. இது நீதானடா?" என்றார் மைக்கேல்சாமி இப்போது, போனை நீட்டி.

சின்ன வீடியோ. புழுதிக்கு நடுவே மஞ்சள் பனியன் போட்ட ஒரு முதுகு. அது சேர்களைத் தலைக்கு மேல் தூக்குகிறது, சுழற்றுகிறது. அத்தோடு முடிந்துவிட்டது. கீழே 'கருவேலக்குடியில் ரசிகர் வெறியாட்டம்' என்று எழுதியிருந்தது. உடையப்பன் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். தன் முதுகை அவன் அதுவரை பார்த்ததில்லை. தோள்பட்டை ஒரு பக்கம் இறங்கியிருப்பதைக் கண்டு ஆச்சரியப்பட்டான்.

"நல்லாத்தாண்ணே இருக்கு" என்றான்.

அன்று சாயங்காலம் வீட்டில் அமுதவல்லியிடம் காட்டியபோது அவள் சிரிக்கவில்லை. சத்துணவுக்கூடத்தில் சமைக்கிறவள். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி எதையும் நிதானமாகப் பார்ப்பாள்.

"ஏங்க, வண்டி எங்க? மைக்கேலண்ணன் எங்க?"

"அது இங்கிட்டு நிக்குது. படத்துல விழுகல."

"அப்ப பாக்குறவுகளுக்கு நீங்க யாரு மேலயோ எறியிற மாதிரில்ல தெரியும்?"

"போடி. என்னைய யாருக்குத் தெரியும்" என்றான் அவன்.

அவன் மனம் வேறு இடத்தில் இருந்தது. அமுதவல்லியின் தம்பி கண்ணன் கத்தாரில் ஒரு விளையாட்டு ஸ்டேடியத்தில் துப்புரவு வேலை பார்க்கிறான். அங்கேயே அத்தானுக்கும் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். பாஸ்போர்ட் வந்துவிட்டது. போலீஸ் சான்று ஒன்றுதான் பாக்கி. ஆடியிலும் மார்கழியிலும் இங்கே சேருக்கும் வேலையில்லை, தூக்குகிறவனுக்கும் வேலையில்லை. மகள் இலக்கியா பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாள். இதைவிட்டால் வேறு வழி கிடையாது என்பது புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் தெரியும்.

கண்ணன் அனுப்பிய படத்தை உடையப்பன் பார்க்காத நாளில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் சேர். அத்தனையும் தரையோடு போல்ட் வைத்து முடுக்கியிருக்கிறார்களாம். யாராலும் தூக்க முடியாதாம், துடைத்தால் போதுமாம். தூக்க முடியாத சேரைக் கையால் ஒரு தடவை ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு ஆசையாக இருந்தது.

அந்தச் சான்றுக்கான விசாரணைக்கு வரச்சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் குளித்துத் தலை சீவி, போட்டோவோடு போனான். எஸ்.ஐ. அவனுடைய காகிதத்தையும் தோளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து எதையோ தேடினார்.

"ஏம்ப்பா, எந்திரிச்சுத் திரும்பி நில்லு."

உடையப்பன் திரும்பி நின்றான்.

"தோள் ஒரு பக்கம் எறக்கமா இருக்கே. இந்த மஞ்சப் பனியன் நீதானே?"

"ஆமா சார், நாந்தான்." உடையப்பனுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. "ஒங்க போனுக்கும் வந்துருச்சா சார்?"

அவர் போனை மேசைமேல் வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு சுலபமாக ஒருவன் ஒத்துக்கொண்டு அவர் பார்த்ததில்லை போலிருக்கிறது. உடையப்பன் விளக்கினான். சேர் ஏற்றியதைச் சொன்னான், வண்டி படத்தில் விழவில்லை என்றான், மேலே நின்று வாங்கியவர் பெயர் மைக்கேல்சாமி என்றான். எழுந்து கையை உயர்த்தி அந்தச் சுழற்றையும் செய்து காட்டினான். பக்கத்து மேசைப் போலீஸ்காரர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அப்ப அந்த மைக்கேல்சாமியும் அங்க இருந்தானா? அவனையும் சேத்துக்கிறவா?" என்றார் எஸ்.ஐ.

உடையப்பன் உயர்த்திய கையைக் கீழே இறக்கினான்.

"அதில்ல சார். நாங்க சேருக்காக..."

"நீ சேர்க்காரன்னா கடைச் சட்டை போட்டிருக்கணும். அந்த ஊர்ப் பனியன் ஒனக்கு எதுக்கு?"

"குடுத்தாக சார். வேர்த்திருந்துச்சு."

எஸ்.ஐ. கெட்ட மனிதர் இல்லை. டீ குடிக்கிறாயா என்றுகூடக் கேட்டார். வீடியோ மேலே வரைக்கும் போய்விட்டது, வழக்கில் ஒரு முகமாவது காட்ட வேண்டும், அது முடியாமல் இந்தச் சான்றில் கையெழுத்துப் போட முடியாது என்று மட்டும் சொன்னார். வேறு யாராவது எறிந்ததைப் பார்த்தாயா என்று கேட்டபோது, உடையப்பன் சரவணக்குமாரின் கையை நினைத்தான். பனியனை நீட்டியதும் அதே கைதான். தெரியல சார் என்று சொல்லிவிட்டு வந்தான்.

முதலாளியிடம் போய் நின்றான். பெரியகருப்பன் தலையைச் சொறிந்தார்.

"நான் வந்து சொல்றேன்டா, சொல்லாம இருப்பனா? ஆனா ரெண்டு ஊர்லயும் நமக்கு வைகாசி முகூர்த்தம் வருது. ஒடஞ்ச சேருக்கும் அவுகதான் பதில் சொல்லணும். இப்பப் போயி நம்ம ஆள் இல்ல, ஒங்க ஆளுன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? சமாதானக் கூட்டம் முடியட்டும்."

மறுநாள் கருவேலக்குடி டீக்கடைக் கூரைமேல் கிடந்த கடைசிச் சேரை எடுத்து வருகிற சாக்கில் உடையப்பன் எக்ஸ்எல் மொபெட்டில் போனான். அந்தச் சேர் ஒரு கீறல்கூட இல்லாமல் கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஏணியைப் பிடிக்க வந்தவன் சரவணக்குமார்தான். அவனே சேரை வாங்கித் துடைத்து வண்டியில் கட்டினான். தினமும் காலையில் கண்மாய்க்கரையில் ஓடுகிற உடம்பு, பார்க்கவே நன்றாக இருந்தது.

"தம்பி, ஒன்னு கேக்குறேன். தப்பா எடுத்துக்காத. எதுக்கு எறிஞ்ச?"

சரவணக்குமாரின் முகம் மாறியது. சுற்றும் முற்றும் பார்த்தான். டீக்கடைக்காரர் உள்ளே இருந்தார்.

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். யாருட்டயும் சொல்லல. எனக்குச் சும்மா தெரிஞ்சுக்கணும். கோட்ட மிதிச்சானா இல்லையான்னு நீ பாத்தியா?"

"எங்கண்ணே பாத்தேன். எனக்கு முன்னாடி அம்புட்டுப் பேரு நின்னாங்க." அவன் தரையைப் பார்த்தபடி யோசித்தான். பொய் சொல்கிற மாதிரி இல்லை. "எல்லாரும் கத்துனாங்க. நானும் கத்துனேன். கை தன்னால சேர்ல போயிருச்சு. தூக்குனப்ப ரொம்ப லேசா இருந்துச்சுண்ணே. இரும்புச் சேரா இருந்தா எறிஞ்சிருக்க மாட்டேன்னு நெனைக்கிறேன்."

"எறிஞ்ச பெறகு?"

"நல்லாருந்துச்சு." சொல்லிவிட்டு வெட்கப்பட்டான். "கொஞ்ச நேரந்தான். அப்பறம் பயமாப் போச்சு. ஒரு பெரியாளு நெத்தியில ரெத்தத்தோட போனாரு. என் சேர்தானா அதுன்னு இன்னும் தெரியல."

உடையப்பனுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வரவேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். அந்த லேசு அவனுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் தூக்கியவன். ஆனால் அதை எறிந்தால் என்னவாகும் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

"என்னையத்தான்ப்பா வீடியோல எறிஞ்சவன்னு நிக்க வச்சிருக்காக. என் வெளிநாட்டுப் பேப்பர் அங்க கெடக்கு. நீ எறிஞ்சேன்னு சொல்ல வேணாம். நான் சேர் ஏத்துனதப் பாத்தேன்னு ஒரு வார்த்த வந்து சொல்லு. போதும்."

"ஐயோ அண்ணே." சரவணக்குமாரின் கண் கலங்கிவிட்டது. "நான் போலீஸ் வேலைக்கு எழுதிப் பாஸ் பண்ணியிருக்கேன். ஓட்டம், கயிறேத்தம் எல்லாம் முடிஞ்சிருச்சு. வெரிபிகேஷன் மட்டுந்தான் இருக்கு, இதே ஸ்டேஷன்ல. நான் அங்க இருந்தேன்னு சொன்னாலே என் பேரு ஏறிரும். கூட்டத்துல சித்தப்பாவப் பேசச் சொல்றேன். அவரு பேசுனா கேப்பாங்க."

அவனுடைய சித்தப்பா வெற்றிசெல்வன் கருவேலக்குடியின் முன்னாள் ஊராட்சித் தலைவர். சரி என்று உடையப்பன் வண்டியை எடுத்தான். பின்னால் கட்டியிருந்த சேர் வழி நெடுக ஆடிக்கொண்டே வந்தது.

சமாதானக் கூட்டத்தை இரண்டு ஊருக்கும் பொதுவாக இருந்த சமுதாயக்கூடத்தில் வைத்தார்கள். சேர் பெரியகருப்பன் கடையிலிருந்துதான். உடையப்பனும் மைக்கேல்சாமியும் காலையிலேயே வந்து இறக்கினார்கள். அதிகாரிகளுக்கு முன்னால் கைப்பிடி வைத்த சேர், வலது பக்கம் கருவேலக்குடி, இடது பக்கம் செங்கவயல், நடுவே ஆள் நடக்கத் தாராளமாக வழி. துண்டு போட்டுத் துடைத்துவிட்டு இருவரும் ஓரத்துத் தூணருகே நின்றார்கள்.

பேச்சு நெடுநேரம் இழுத்தது. முதலில் ஆரம்பித்தது யார் என்றார்கள். நடுவரை அமர்த்தியது யார் என்றார்கள். போன வருஷத்துக் கோயில் தகராறு வரைக்கும் போனார்கள். ஒரு தடவை இரண்டு பக்கமும் எழுந்துவிட, உடையப்பனின் கண் அனிச்சையாகச் சேர்களின் பக்கம் போனது. யாரும் தொடவில்லை.

பிறகு வெற்றிசெல்வன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"ரெண்டு ஊரும் கொண்டு குடுத்து வாழுற ஊரு. எங்க பயலுக சேரத் தூக்கி எறியிற பயலுக இல்ல. செங்கவயலு தம்பிகளும் அப்படித்தான். நல்லா நடந்துக்கிட்டிருந்த ஆட்டத்துல யாரோ வெளியூர் ஆளுக உள்ள பூந்து கலாட்டா பண்ணிட்டாங்க. நாங்க சொல்றது அம்புட்டுத்தான்."

"நாங்களும் அதத்தானுங்க சொல்ல வந்தோம்" என்றார் செங்கவயல் பக்கத்திலிருந்து ஒருவர்.

அன்றைக்கு இரண்டு ஊரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கூடத்தில் ஒரு ஆசுவாசம் பரவியது. எஸ்.ஐ. போனைத் தூக்கிக் காட்டினார்.

"இதுல இருக்க ஆள் எந்த ஊரு?"

இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"எங்க ஊர் இல்லீங்க."

"எங்க ஊரும் இல்லீங்க சார்."

உடையப்பன் சரவணக்குமாரைத் தேடினான். நாலாவது வரிசையில் இருந்தான், தலை குனிந்திருந்தது. மைக்கேல்சாமி உடையப்பனின் முழங்கையைப் பிடித்தார். உடையப்பன் கையை விடுவித்துக்கொண்டு நடுவழியில் இறங்கிப் போனான்.

"ஐயா, அது நாந்தாங்க. நான் எறியலைங்க. வண்டியில ஏத்துனேன். இந்தச் சேரெல்லாம் அன்னைக்கி ஏத்துன சேருதான். இவுக எல்லாருக்கும் என்னையத் தெரியும். இவுக வீட்டு விசேசத்துக்கெல்லாம் நாந்தான் சேர் போடுறது."

நடுவில் உட்கார்ந்திருந்த அதிகாரி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எந்த ஊருப்பா?"

"அரிமளங்க."

"ரெண்டு ஊர்ல எந்த ஊர் சார்பா வந்திருக்க?"

"சேர் போட வந்தேங்க."

"போட்டாச்சுல்ல? வெளில நில்லு. கூப்புடுவாங்க."

யாரும் அதட்டவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் காலை மடக்கி அவன் போக வழிவிட்டார்கள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உள்ளே வாசித்தார்கள்: வெளியூர் ஆட்கள் சிலரால் ஏற்பட்ட சம்பவம், இரு கிராமத்தினரும் பரஸ்பரம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறார்கள், உடைந்த சேர்களுக்கு இரண்டு கமிட்டியும் சேர்ந்து பொறுப்பு. பெரியகருப்பன் கைகூப்புவது ஜன்னல் வழியே தெரிந்தது. கைதட்டல் கேட்டது. பிறகு எஸ்.ஐ. வெளியே வந்து, தணிந்த குரலில், நாளைக்கு ஆதார் கார்டோடும் ஜாமீனுக்கு இரண்டு ஆளோடும் வந்துவிடு என்றார்.

"சார், என் பேப்பரு?"

"கேசு முடியட்டும்ப்பா, பாப்போம்."

அமுதவல்லிக்குப் போன் செய்ய எடுத்தான். என்ன சொல்வது என்று தெரியவில்லை. திரும்பப் பையில் போட்டுக்கொண்டான்.

கூட்டம் கலைந்தது. இரண்டு ஊர் இளைஞர்களும் தோளில் கைபோட்டுக் கூடத்து வாசலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மைக்கேல்சாமி வண்டிமேல் ஏறி நின்று கையை நீட்டினார்.

"தூக்கி விடு உடையப்பா. வெயில் ஏறுது."

உடையப்பன் நாலு சேரைச் சேர்த்துப் பிடித்தான். தோள் வரைக்கும் தூக்கினான். எதிரே வரிசையாகப் போன்கள் உயர்ந்திருந்தன. கீழே இறக்கி வைத்தான். ஒரே ஒரு சேரை எடுத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்து, வண்டியின் பின்கதவு ஓரத்தில் மெல்ல வைத்தான். திரும்பிப் போய் இன்னொன்றை எடுத்தான்.

"அடேய், இப்படி ஏத்துனா விடிஞ்சாப்லதான்" என்றார் மைக்கேல்சாமி. பிறகு போன்களைப் பார்த்தார். மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் குனிந்து அந்த ஒற்றைச் சேரை வாங்கி அடுக்கினார்.

சரவணக்குமாருக்குப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கூட்டத்திலிருந்து விலகி வந்தான்.

"விடுங்கண்ணே, நான் ஏத்துறேன்."

ஐந்து சேரைச் சேர்த்து எடுத்தான். தலைக்கு மேல் தூக்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி விட்டான். மைக்கேல்சாமி வாங்கிக்கொண்டார். மறுபடி ஐந்து. ஜீப்பில் ஏறப்போன எஸ்.ஐ. ஒரு காலைத் தரையில் வைத்தபடியே அதைப் பார்த்தார்.

"யாரு, நம்ம செலக்சன் ஆன பையனா?"

"அண்ணன் மகன் சார்" என்றார் வெற்றிசெல்வன்.

"கையப் பாருங்க, என்ன லாவகம். டிபார்ட்மென்ட்டுக்கு இப்புடித்தான் பசங்க வேணும்."

சரவணக்குமார் அடுத்த ஐந்தைத் தூக்கினான். கையில் ஒற்றைச் சேரை அணைத்தபடி, அவன் சுழற்றுகிற வீச்சில் பட்டுவிடாமல் இரண்டடி தள்ளி, தன் முறைக்காக உடையப்பன் காத்து நின்றான்.